சுகுணா எழுதிய மாங்காய் வரிசை

1

யோரிஸ் எங்கள் குழுவில் சேர்ந்த முதல் வாரத்திலேயே அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டான்.

காலைக் கூட்டம். ரோட்டர்டாம் ஆபீசில் தினமும் பத்து மணிக்கு ஜன்னலோரம் வட்டமாக நிற்போம். நேற்று என்ன செய்தோம், இன்று என்ன செய்யப்போகிறோம், வேலைக்குக் குறுக்கே எது நிற்கிறது என்று ஆளுக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுக் கலைவோம். ஸ்டாண்ட்-அப் என்று பெயர். உட்கார்ந்தால் பேச்சு நீளும் என்பதால் நின்றுகொண்டே பேச வேண்டும் என்று யாரோ கண்டுபிடித்திருக்கிறார்கள். நம் ஊர்க்காரர்களை நிற்க வைத்தாலும் நீளும். திருப்பதி ஆபீசில் ஆறு வருஷம் நின்று பார்த்தவன் சொல்கிறேன்.

யோரிஸின் முறை வந்தது. இருபத்தாறு வயது, ஆறடிக்கு மேல் உயரம், மனசில் பட்டதைப் பட்டென்று கேட்கிற டச்சுப் பையன்.

"மாங்காய் வரிசை ஃபைலில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். பாதி வரிகளுக்குப் பக்கத்தில் சுஹூனா பி என்று ஒரு பெயர் இருக்கிறது. ஆபீஸ் டைரக்டரியில் தேடினேன், காணோம். யாருக்காவது அவரைத் தெரியுமா? பத்து நிமிஷம் கிடைத்தால் போதும், கேட்டுவிடுவேன்."

'கு' அவர்கள் வாயில் வராது. தொண்டையைச் செருமுகிற ஒரு சத்தம்தான் வரும். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். 

"சுகுணா. என் மனைவி. இறந்துவிட்டாள்" என்றேன்.

அவன் முகம் சிவந்துபோனது. மன்னிப்புக் கேட்டான். பரவாயில்லை என்று சொல்லி என் இரண்டு வார்த்தையையும் சொல்லி முடித்தேன். குறுக்கே எதுவும் நிற்கவில்லை என்று சொன்னேன். பிறகு கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். பத்து நிமிஷம் கிடைத்தால் எனக்கும் போதும்தான்.

இது நடந்தது போன குளிர்காலத்தில். இப்போது ஆனி மாதம். நேற்று சுகுணாவுக்கு இரண்டாவது திதி கொடுத்தேன். நடுவில் நடந்ததை ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும்போல் இருக்கிறது. இங்கே சொன்னால் புரியாது, ஆறுதல் மட்டும் சொல்வார்கள்.

2

சித்தூர் ஜில்லாவில் இருப்பவர்களுக்கு ஆனி மாதம் என்றால் என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை. பெங்களூரா மாங்காய் ஏற்றிய ட்ராக்டர்கள் கூழ் ஃபேக்டரிகளின் வாசலில் மைல் கணக்கில் நிற்கும். டிரைவர்கள் வண்டிக்கு அடியில் படுத்துத் தூங்குவார்கள். வெயிலில் காய் பழுத்து, பழம் கனிந்து, கனிந்தது ஒழுக ஆரம்பிக்கும். ரோட்டில் போகிற பஸ்ஸுக்குள்ளே கூட அந்த வாசனை வரும்.

எங்கள் கம்பெனி இந்தப் பழக்கூழை வாங்கி விற்பவர்களுக்கும் ஃபேக்டரிகளுக்கும் மென்பொருள் செய்கிறது. எந்தத் தோட்டத்துக் காய், எந்த வண்டியில் வந்தது, எப்போது அரைத்தார்கள் என்ற கணக்கெல்லாம் அதில் இருக்கும். தலைமை ஆபீஸ் ரோட்டர்டாமில். மாங்காய் எங்கே விளைகிறதோ அங்கே நாலு ஆள் இருக்கட்டும் என்று திருப்பதியில் ரேணிகுண்டா சாலையில் ஒரு சின்ன ஆபீஸ் வைத்தார்கள். நான் பாகாலாக்காரன். தினமும் பாசஞ்சர் ரயிலில் வந்துபோவேன். சுகுணாவுக்குப் பங்காருபாளையம். வாரம் முழுக்க திருப்பதி லேடீஸ் ஹாஸ்டல், சனிக்கிழமை ஆனால் பஸ் ஏறி ஊருக்கு.

எங்களை ஜோடி சேர்த்தது ஜாதகம் இல்லை, ஆபீஸ் விதி. இரண்டு பேர், ஒரே கம்ப்யூட்டர், ஒரே கீபோர்டு. ஒருத்தர் எழுத, மற்றவர் பக்கத்தில் இருந்து யோசிக்க வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ள வேண்டும். ரோட்டர்டாமிலிருந்து வந்த உத்தரவு. ஒரு பெண்ணின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார நான் கூச்சப்பட்டு, ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து, திரையில் என்ன இருக்கிறது என்றே தெரியாமல் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

"இன்னாங்க, பெருமாள் கோயில்ல குந்திக்கினு இருக்கற மாதிரி குந்திக்கினு இருக்கீங்க? தப்பு கீதா இல்லயா, வாயத் தொறந்து சொல்லுங்க" என்றாள்.

அது தப்புத்தான். அரைப்புள்ளி ஒன்று விட்டுப்போயிருந்தது. சொன்னேன். அதற்குப் பிறகு பதினான்கு வருஷம், எங்களுக்குக் கல்யாணமாகி ரோட்டர்டாம் ஆபீசுக்கு மாறி வந்த பிறகும், அவள் எழுதும்போது நான் தப்புச் சொல்வதும் நான் எழுதும்போது அவள் சிரிப்பதுமாகப் போனது.

திருப்பதியில் ஆபீஸ் நடத்துவதில் ஒரு தனிக் கஷ்டம் உண்டு. இரண்டு வாரத்துக்கு இவ்வளவு வேலை என்று எடுத்துக்கொண்டு முடிக்க வேண்டும், அதற்கு ஸ்பிரிண்ட் என்று பெயர். அந்த இரண்டு வாரத்தில் யாராவது ஒருவருடைய சொந்தக்காரர்கள் மலைக்குத் தரிசனத்துக்கு வந்து இறங்காமல் இருக்க மாட்டார்கள். ரூம் பார்க்க வேண்டும், வரிசையில் நிறுத்த வேண்டும், ஊருக்கு பஸ் ஏற்றிவிட வேண்டும். வெளிநாட்டு மேனேஜருக்கு இது மூன்று வருஷம் புரியவே இல்லை. பிறகு அவரே குடும்பத்தோடு வந்தார். அந்த ஸ்பிரிண்டில் யாருமே எதையும் முடிக்கவில்லை.

3

மாங்காய் வரிசை என்பது சுகுணா எழுதிய நிரல், அதாவது கம்ப்யூட்டர் புரோகிராம். ஃபேக்டரி கேட்டில் வண்டி வந்ததும் நேரத்தைப் பதிவார்கள். முதலில் வந்தவர் முதலில் உள்ளே. அவ்வளவுதான் ரோட்டர்டாம் கேட்டது. சுகுணா அதோடு விடவில்லை. ஒருநாளுக்கு மேல் காத்திருக்கிற வண்டியை மெல்ல மெல்ல முன்னால் நகர்த்துகிற ஒரு விதியைச் சேர்த்தாள். காய் எத்தனை நேரம் வெயிலில் நின்றதோ அத்தனை முன்னுரிமை. அதிகாரிகளுக்குத் தெரிந்தவர்கள் குறுக்கே புகுந்தாலும் இந்த விதி பின்னால் இருப்பவர்களை ஓரளவு காப்பாற்றும்.

எதற்கு இது என்று மேனேஜர் கேட்டார். "எங்க நைனா லைன்ல நின்னவரு" என்று எங்களிடம் சொல்லிவிட்டு, அதையே அவருக்கு ஆங்கிலத்தில் சொன்னாள். அவளுடைய அப்பா அந்தப் பக்கத்து மாந்தோப்புக்காரர். ஒரு வருஷச் சீசனில் ஃபேக்டரி வாசலில் மூன்று நாள் நின்று, ஒரு லோடு முழுக்க அழுகிப்போய், திரும்பி வரும் வழியில் ரோட்டோரம் கொட்டிவிட்டு வந்தார். அப்போது இவளுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த லீவு. வீட்டில் இரண்டு நாள் யாரும் யாரோடும் பேசவில்லையாம்.

நிரலுக்கு நடுநடுவே, அடுத்து வருகிறவருக்காக, நாங்கள் குறிப்பு எழுதி வைப்போம். கம்ப்யூட்டர் அதைப் படிக்காது, மனுஷர்கள்தான் படிப்பார்கள். திருப்பதி ஆபீசில் எல்லோரும் தமிழையும் தெலுங்கையும் கலந்து ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டிருந்தோம். சுகுணாவின் குறிப்புகள் அவள் பேச்சு மாதிரியே இருக்கும். 'இங்க கை வெச்சா நான் பொறுப்பில்ல.' 'இது ஏன் வேல செய்யுதுன்னு தெரீல, ஆனா செய்யுது.' 'சோறு துன்னுட்டு வந்து இத சரி பண்ணணும்.' கடைசியாகச் சொன்னதை அவள் சரி பண்ணவே இல்லை. அந்த விதிக்கு மேலே இருந்தது இது: 'இத எடுத்துடாதீங்க. காய் அழுகிடும். நைனா லைன்ல நிப்பாரு.'

4

எங்கள் தொழிலில் நிரலின் ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் அதைக் கடைசியாகத் தொட்டவர் யார் என்று பார்க்க முடியும். கடைசியாக என்பதைக் கவனியுங்கள். முதலில் எழுதியவர் இல்லை. நல்ல குழுவில் நிரலை யாரும் சும்மா விட்டுவைக்க மாட்டார்கள். ஒரு பெயர் தெளிவாக இல்லையென்றால் மாற்றுவார்கள், நீண்டதை உடைப்பார்கள், செத்ததை அழிப்பார்கள். அன்றாடம் வாசல் பெருக்குவது மாதிரிதான். அப்படிச் செய்தால்தான் நிரல் ஆரோக்கியமாக இருக்கும் என்று திருப்பதியில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கெல்லாம் நானே வகுப்பு எடுத்திருக்கிறேன்.

ஆனால் ஒவ்வொரு முறை யாராவது பெருக்கும்போதும் இரண்டு வரியில், ஐந்து வரியில் சுகுணாவின் பெயர் போய் வேறு பெயர் வந்து உட்காரும். அவள் இறந்த வருஷம் நூற்றுக்கணக்கான ஃபைல்களில் இருந்தாள். அடுத்த வருஷம் பாதியில் இருந்தாள். யோரிஸ் சேர்ந்தபோது மாங்காய் வரிசை ஒன்றில்தான் மிச்சம் இருந்தாள்.

மற்ற இடங்களிலெல்லாம் அவளை அதற்கு முன்பே துடைத்துவிட்டார்கள். இந்த ஊரில் எல்லாம் ஒழுங்கு. நகராட்சிக்கு ஒரே ஒருமுறை போய் இறப்பைச் சொன்னேன். கவுண்டரில் இருந்த அம்மாள் மிகுந்த பரிவோடு பேசினாள், தண்ணீர் கொடுத்தாள், ஒரு பட்டனை அழுத்தினாள். அந்த வாரமே வரி ஆபீஸ், இன்ஷூரன்ஸ், நூலகம், பஸ் கார்டு எல்லா இடத்திலும் சுகுணா இல்லாமல் போனாள். நான் யாருக்கும் தனியாகச் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. எங்கள் ஆபீசும் அவளுடைய கணக்கை மூடிவிட்டது. ஊரிலோ நேர் எதிர். அங்கே ஒரு வங்கியில் அவள் பெயரில் இருக்கிற கணக்கை மூட மூன்று முறை எழுதிவிட்டேன். கையெழுத்து சரிபார்க்க மேடம் நேரில் வர வேண்டும் என்று பதில் வருகிறது. முதல் கடிதத்துக்குக் கோபம் வந்தது. இப்போது அந்தப் பதிலை எதிர்பார்க்க ஆரம்பித்துவிட்டேன். அவள் வர வேண்டும் என்று சொல்கிற ஒரே இடம் அதுதான்.

மகள் மதுவுக்குப் பதினான்கு வயது. தமிழ் காதில் விழுந்தால் புரியும், எழுத்து தெரியாது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு சுகுணாதான் அழைத்துப் போவாள். அவள் நோயில் படுத்த பிறகு அது நின்றுபோயிற்று, நானும் திரும்பத் தொடங்கவில்லை. அம்மா போன பிறகு வீட்டில் பேச்சே குறைந்துவிட்டது. குறைந்ததில் முதலில் போனது தமிழ்தான். என்னோடு டச்சில் பேசுவாள், நான் தமிழில் பதில் சொல்வேன், இருவரும் பாதியைப் புரிந்துகொள்வோம்.

ஒருநாள் வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மது பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தாள். எழுத்து ஆங்கிலம் என்பதால் அவளால் படிக்க முடிந்தது. டச்சுக்காரர்கள் படிப்பதுபோல் தொண்டையைச் செருமிச் செருமிப் படித்தாள்.

"சோறு துன்... துன்னுட்டு. பப்பா, இது தமிழா?"

"ஆமா. உங்கம்மா எழுதினது."

"ஆபீசில் சோறு பற்றியா எழுதுவார்கள்?" என்று டச்சில் கேட்டாள்.

"உங்கம்மா எழுதுவா."

அவள் சிரித்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, இன்னும் இருக்கிறதா என்று கேட்டாள். ஃபைல் முழுக்க மேலிருந்து கீழே தேடித் தேடி எல்லாக் குறிப்பையும் படிக்க வைத்தேன். புரியாத வார்த்தைக்கெல்லாம் அர்த்தம் சொன்னேன். சுகுணா அவளுக்குக் கடிதம் எதுவும் எழுதவில்லை. ஆஸ்பத்திரியில் எழுதலாம் என்று நான் சொன்னபோது, "நான் இன்னா செத்தா போய்ட்டேன், கடுதாசி எழுத?" என்று என்னைத் திட்டினாள். அம்மா எழுதியதில் மகளால் படிக்க முடிந்தவை, மாங்காய் ஃபைலில் இருந்த அந்த ஏழெட்டு வரிதான்.

அன்றைக்குத்தான் நான் முடிவு செய்தேன், இந்த ஃபைலை யாரையும் தொட விடக்கூடாது என்று.

5

தொட விடாமல் இருப்பது எனக்குச் சுலபம். யார் ஒரு மாற்றம் எழுதினாலும் இன்னொருவர் படித்துச் சரி என்று சொன்ன பிறகுதான் அது சேரும். மாங்காய் வரிசைக்குச் சரி சொல்லும் ஆள் நான்.

யோரிஸ் அந்த ஃபைலை ஒழுங்காகத் திருத்தி எழுதி அனுப்பினான். நிரல் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் சோதனைகள் இல்லை என்று திருப்பி அனுப்பினேன். சோதனைகள் எழுதி அனுப்பினான். பெயர்கள் சரியில்லை என்றேன். பெயர்களை மாற்றினான். ரொம்பப் பெரிய மாற்றம், சின்னச் சின்னதாக உடைத்து அனுப்பு என்றேன். உடைத்தான். இப்போது சீசன் நெருங்குகிறது, சீசன் முடியட்டும் என்றேன். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் நியாயமான காரணம். இருபது வருஷ அனுபவத்தில் ஒருவன் எவ்வளவு நியாயமாகப் பொய் சொல்ல முடியும் என்று எனக்கே வியப்பாக இருந்தது.

ஸ்பிரிண்ட் முடிவில், எது நன்றாகப் போனது, எது போகவில்லை என்று மஞ்சள் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுவோம். அந்த முறை மூன்று பேர் ஒரே விஷயத்தை எழுதியிருந்தார்கள்: 'மாங்காய் வரிசையை யாரும் தொட முடியவில்லை.' நான் பார்க்காததுபோல் இருந்துவிட்டேன்.

காபி மெஷின் பக்கத்தில் யோரிஸ் என்னைப் பிடித்துக்கொண்டான்.

"நீ நிரலைப் பற்றிப் பேசவில்லை. எனக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரியும்."

"அப்புறம் எதைப் பற்றிப் பேசுகிறேன்?"

"அது உன் மனைவியின் கல்லறை என்றால் சொல்லிவிடு, நானும் பூ வைக்கிறேன். ஆனால் அது ஓடிக்கொண்டிருக்கும் நிரல். அவர் எழுதியது எதுவும் தொலையாது. பழைய வடிவங்கள் எல்லாம் வரலாற்றில் பத்திரமாக இருக்கும். எப்போது வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம்."

அவன் சொன்னது உண்மைதான். எங்கள் தொழிலில் எதுவும் தொலையாது. ஆனால் அந்த வரலாற்றுக்குள் யார் போகிறார்கள்? வீட்டில் பீரோவுக்குள் ஆல்பம் இருக்கிறது, அதையும் யாரும் திறப்பதில்லை. இரண்டு வாரம் நான் யோரிஸோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நம் ஊரில் என்றால் அதற்குள் இரண்டு பேர் நடுவில் வந்து சமாதானம் பேசியிருப்பார்கள். இங்கே நீ கோபமாக இருப்பது உன் உரிமை என்று விட்டுவிடுகிறார்கள்.

6

போன வாரம் மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது சுகுணாவின் அப்பா போன் செய்தார். எனக்கு அவர் மாமா. வாரத்துக்கு ஒருமுறை மதுவை விசாரிக்கக் கூப்பிடுவார். கூப்பிட்டால் இரண்டு நிமிஷம், அதற்கு மேல் பேச மாட்டார். அவர் குரலுக்குப் பின்னால் ஒரே ஹாரன் சத்தமாக இருந்தது.

"நல்லா கீறீங்களா மாப்ள? கொயந்த பள்ளிக்கூடம் போய்க்கினு கீதா?"

"எல்லாம் நல்லா இருக்கோம் மாமா. எங்க இருக்கீங்க, இவ்வளவு சத்தமா இருக்கு?"

"ஃபேக்டரி கேட்டாண்ட. முந்தாநேத்து சாயங்காலம் காய் ஏத்திக்கினு வந்தேன். இன்னம் உள்ள வுடல."

"முந்தாநேத்தா?"

"இன்னா பண்றது மாப்ள. எங்க ட்ராக்டரு முன்ன போவுதுன்னு பாத்தா, பின்ன போவுது. வூட்ல குந்திக்கினே போன்ல டோக்கனு போடறாங்களாமே இப்பல்லாம். காய மரத்துலயே வுட்டுட்டு டோக்கனு போட்டவன், இன்னிக்குப் பறிச்சுக்கினு வந்து என்னத் தாண்டி உள்ள போறான். கேட்டுக்காரனக் கேட்டா, கம்ப்யூட்டர் சொல்லுது, நான் ஏம் சேயாலி தாத்தா, இன்னா பண்ணுவேன் அங்கறான். எனுக்கு அந்தப் போனு கீனு எல்லாம் தெரீல. கேட்டுக்கு வந்துதான் டோக்கனு வாங்கனேன்."

"காய் எப்படி இருக்கு?"

"அடியில இருக்கறது ஒழுவுது" என்றார். பிறகு அவசரமாக, "அத வுடுங்க. கொயந்தைக்கு மாங்கா வத்தல் அனுப்பறேன்" என்றார்.

 என்ன நடக்கிறது என்று அவர் சொல்லி முடிக்கும் முன்பே தெரிந்துவிட்டது. போன வருஷம் சீசன் முடிந்த பிறகு வேறொரு குழு, போனில் டோக்கன் எடுக்கும் வசதியைச் சேர்த்தது. டோக்கன் எடுத்த நேரத்தை, வண்டி வந்த நேரம் போகிற அதே இடத்தில் போட்டுவிட்டார்கள். சுகுணாவின் விதிக்கு வித்தியாசம் தெரியாது. வீட்டில் படுத்திருந்தவனையும் வெயிலில் நின்றவன் என்று நம்பி முன்னால் அனுப்பியது. கேட்டில் வந்து டோக்கன் வாங்கியவர் பின்னால் பின்னால் போய்க்கொண்டிருந்தார். யோரிஸ் எழுதிய சோதனைகள் சேர்ந்திருந்தால் இது முதல் நாளே தெரிந்திருக்கும். அதைத் தொட விடாமல் வைத்திருந்தது நான்.

நைனா வரிசையில் நிற்கக்கூடாது என்று மகள் எழுதியது, அந்த நைனாவையே மூன்றாம் நாளாக வெயிலில் நிற்க வைத்திருந்தது. அவருக்கு எழுபத்திரண்டு வயது.

7

சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு யோரிஸின் மேஜைக்குப் போனேன்.

"உன் மாற்றத்தைத் திற" என்றேன். நடந்ததைச் சொன்னேன். வரிசையில் நிற்பது யார் என்பதையும் சொன்னேன். அவன் குத்திக் காட்டவில்லை. எனக்கு ஒரு நாற்காலி இழுத்துப் போட்டான்.

இரண்டு பேர், ஒரே கீபோர்டு. அவன் எழுதினான், நான் பக்கத்தில். முதலில் சோதனை: ஒரு வண்டி கேட்டில் இரண்டு நாளாக நிற்கிறது, இன்னொன்று டோக்கனை மட்டும் முன்பே எடுத்துவிட்டு இன்று வந்தது, எது முதலில் உள்ளே போக வேண்டும்? ஓட்டினோம். சிவப்பு. தப்பானது போகிறது. பிறகு திருத்தினோம். காத்திருப்பைக் கேட்டுக்கு வண்டி வந்த நேரத்திலிருந்து மட்டும் எண்ண வேண்டும். சுகுணாவின் கணக்கு போட்ட விதம் இதற்கு வளையவில்லை. அதை வைத்துக்கொண்டு ஒட்டுப்போட்டால் இன்னும் மோசமாகும் என்று எங்கள் இருவருக்கும் தெரிந்தது. அவனுடைய புது வடிவத்தை அப்படியே கொண்டுவந்தோம். பச்சை. சரியானது போகிறது.

நைனா பற்றிய அந்தக் குறிப்பு புது வரிகளுக்கு மேலே தொங்கிக்கொண்டு நின்றது.

"இது என்ன சொல்கிறது?" என்று கேட்டான்.

மொழிபெயர்த்துச் சொன்னேன். இதை எடுத்துவிடாதீர்கள், காய் அழுகிவிடும், அப்பா வரிசையில் நிற்பார். அவன் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

"இருக்கட்டும். குறிப்புத்தானே. யாருக்கும் கெடுதல் இல்லை."

கெடுதல் உண்டு. எதை எடுக்காதே என்று அவள் சொன்னாளோ அது அங்கே இல்லை. அடுத்து வருகிறவன் அதைப் படித்துவிட்டு, நல்லதைத் தொடப் பயந்து, கெட்டதை விட்டுவைப்பான். என்னைப்போல. இதையும் நான்தான் வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். கீபோர்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். அவள் குறிப்புகளை ஒவ்வொன்றாக அழித்தேன். சோறு துன்னப் போனவள் வந்து செய்ய வேண்டியதையும் செய்து முடித்து, அதையும் அழித்தேன். கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. யோரிஸ் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சரி என்று நானே ஒப்புதல் கொடுத்தேன். இருபது நிமிஷத்தில் ஃபேக்டரிகளுக்குப் போய்விட்டது. ஃபைலைத் திறந்து பார்த்தேன். மேலிருந்து கீழே யோரிஸ், யோரிஸ், நடுவில் நான் இரண்டு இடத்தில். எங்கள் மென்பொருளில் சுகுணா கடைசியாக இருந்த இடத்திலும் இப்போது இல்லை.

அன்று சாயங்காலம் மதுவிடம் சொன்னேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன். "எனக்கு அதெல்லாம் மனப்பாடம் பப்பா" என்று தமிழில் சொல்லிவிட்டு அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் அழுதாளா என்று எனக்குத் தெரியாது. கதவைத் தட்ட எனக்குத் தைரியம் வரவில்லை.

8

மறுநாள் காலையில் மாமா கூப்பிட்டார்.

"மாப்ள, காய் எறக்கியாச்சு. நேத்தே உள்ள வுட்டுட்டாங்க. பாதி போச்சு, வழிச்சுக் கொட்டிட்டேன். மிச்சத்த எடுத்துக்கினாங்க. கம்ப்யூட்டர யாரோ சரி பண்ணாங்களாம், கேட்டுக்காரன் சொன்னான். யாரு பெத்த புள்ளயோ, நல்லா இருக்கட்டும்."

அதோடு விட்டிருக்கலாம். அவர் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார். என்னால் முடியவில்லை. இந்த விஷயத்தில் என்னைத் தவிர அவளுக்காக நெஞ்சடைக்கிற இன்னொரு ஆள் எனக்கு வேண்டியிருந்தது.

"மாமா, அந்தக் கம்ப்யூட்டர் எங்க ஆபீஸோடதுதான். அந்த வரிசைய எழுதினது சுகுணா. நீங்க அன்னைக்கு ஒரு லோடு கொட்டிட்டு வந்தீங்களே, அதை மனசுல வச்சுக்கிட்டு உங்களுக்காக எழுதினா. ரொம்ப வருஷம் நல்லாத்தான் வேலை செஞ்சுது. இந்த போன் டோக்கன் வந்ததும் தப்பாப் போயிடுச்சு. நேத்து அதை எடுத்துட்டோம்."

  

"மொத்தமாவா?" என்றார்.

"மொத்தமா மாமா."

"அதுல அவ பேரு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"எதுக்கு மாப்ள எடுத்தீங்க?" என்றார்.  "எம்பொண்ணு எழுதனதுன்னு எனுக்கு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, இன்னம் ரெண்டு நாளு அங்கயே நின்னுக்கினு இருந்திருப்பனே."